அக்காவின் ஐந்தாவது பாத்திரம்

நான் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவன். ஒரு வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்தால் போதும், அந்தக் குடும்பத்தின் யோக்கியதை தெரிந்துவிடும். யார் யாருக்குப் பயப்படுகிறார்கள், யார் யாரிடம் ஒளித்துத் தின்கிறார்கள், எல்லாம் தட்டுத் தட்டாக உள்ளே இருக்கும். என் அக்கா வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்தால் மட்டும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மேல்தட்டு அத்தானுடையது. ஏதோ ஒரு வீடியோ பார்த்த நாளிலிருந்து அவருக்கு மாவுச்சத்து ஜென்ம விரோதி. அதனால் இறைச்சியும் வெண்ணெயுமாக அடைத்து வைத்திருப்பார். அடுத்த தட்டு மகளுடையது. ஆடு, மாடு, கோழியிலிருந்து வந்த எதுவும், பால் உட்பட, அவள் தட்டில் படக்கூடாது. கதவு முழுக்க முட்டை. அது ஜிம்மே கதியென்று கிடக்கும் மகனுக்கு. வெள்ளையை மட்டும் தின்பான், மஞ்சளைப் பார்த்தாலே பாம்பைப் பார்த்தவன் மாதிரி ஒதுங்குவான். அடியில் காய்கறிப் பெட்டி அக்காவின் மாமியாருக்கு. உப்பும் எண்ணெயும் எமன் என்பது அவர் கட்சி. எதுவானாலும் குழைய வேகவைத்து மசித்துத் தரவேண்டும்.

நாலு பேர், நாலு கட்சி. மேசையில் உட்கார்ந்தார்கள் என்றால் சட்டசபைதான்.

"மனுஷ உடம்புக்கு மாவு தேவையே இல்ல," என்பார் அத்தான்.

"அப்பா, நீங்க தின்னுறது பிணம். அதை முதல்ல யோசிங்க," என்பாள் மகள்.

"நீ இப்படியே இலையைக் கடிச்சிட்டிரு. ஒருநாள் ஃபேன் காத்துக்குப் பறக்கப்போறே," என்பான் மகன்.

"உப்பை விடுங்கடா, உருப்படுவீங்க," என்பார் மாமியார்.

இவ்வளவு வாய் பேசுகிறவர்களில் ஒருவர்கூட அடுப்பைப் பற்றவைத்தது கிடையாது. நாலு அடுப்பிலும் நாலு பாத்திரம் வைத்து, நாலு கரண்டி போட்டு, ஒன்று இன்னொன்றில் பட்டுவிடாமல் சமைப்பவள் அக்கா. மகளுடைய கரண்டி அத்தான் பாத்திரத்தில் பட்டுவிட்டால் அன்றைக்கு வீடு ரெண்டுபடும்.

அக்கா என்ன சாப்பிட்டாள்? மகன் ஒதுக்கிய மஞ்சள் கரு. மாமியார் ரெண்டு வாய் தின்று தள்ளிவைத்த உப்பில்லாத கூழ். அத்தானின் இறைச்சி வெந்த தண்ணீர். அதையும் பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே வாயில் போட்டுக்கொள்வாள். கேட்டால், "கொட்ட மனசு வரலடா," என்பாள். அதைச் சிரித்துக்கொண்டே வேறு சொல்வாள். எனக்கு அந்தச் சிரிப்பைக் கண்டாலே ஆகாது.

சமைத்து முடித்துவிட்டு வேலைக்கு ஓடுவாள். ஆஸ்பத்திரிகளுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கும் பெரிய சலவைக்கூடம் அது. துணியைத் தேய்த்து உலர்த்த ஆள் உயரத்துக்கு ஒரு சூடான ரோலர் சுற்றிக்கொண்டிருக்கும். ஈரப் போர்வையின் இரண்டு முனையையும் இழுத்துப் பிடித்து அதன் வாயில் கொடுக்க வேண்டும். கொடுப்பது அக்கா. அந்தப் பக்கம் வாங்கி மடிப்பது அவளுடைய சிநேகிதி. மடிப்பு கொஞ்சமும் பிசகாது என்பதால் அங்கே அந்தச் சிநேகிதிக்குப் பெயரே 'மடிப்பு'தான். கண் ஒரு நொடி சொக்கினால் போர்வையோடு விரலும் உள்ளே போய்விடும்.

போன மாதம் அக்காவுக்குக் கண் சொக்கிவிட்டது. போர்வை கோணலாக வருவதைப் பார்த்த மடிப்பு, என்ன ஏது என்று எட்டிக்கூடப் பார்க்காமல் சிவப்புப் பொத்தானில் அடித்தாளாம். ரோலர் நின்றபோது அக்காவின் கை அதன் வாயில் இருந்ததாம். விரல் நுனிகள் மட்டும் வெந்தன. மடிப்பு இல்லையென்றால் இன்று என் அக்காவுக்கு வலது கை இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, "உடம்புல ரத்தமே இல்லையே. காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டார்.

"இன்னிக்கு எல்லாரும் நல்லா சாப்பிட்டுட்டாங்க டாக்டர்," என்றாள் அக்கா. அதில் ஒரு பெருமை வேறு.

"அவங்களைக் கேக்கல. நீங்க?"

"அதான் சொல்றேனே. மிச்சமே இல்ல."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, கட்டிலைச் சுற்றி நின்ற குடும்பத்தையும் என்னையும் பார்த்தார். எனக்கு அத்தானின் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. "வேளாவேளைக்குச் சாப்பிடணும். சூடா, வயிறு நிறைய. வேற ரகசியம் ஒண்ணும் இல்ல," என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

அவர் போனதுதான் தாமதம், கட்டிலைச் சுற்றிக் கட்சிக் கூட்டம் ஆரம்பித்தது. மாவை விட்டால் ரத்தம் தானாக ஊறும் என்றார் அத்தான். கீரை, கொட்டை என்றாள் மகள். மகன் ஏதோ பொடி டப்பாவின் பெயரைச் சொன்னான். உப்புதான் ரத்தத்தைக் குடித்துவிட்டது என்றார் மாமியார். சத்தம் தாங்காமல் நர்ஸ் வந்து விரட்டினாள். கடைசியில் அவர்கள் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரே முடிவுக்கு வந்தார்கள். அத்தான் அக்காவின் தலையைத் தடவிக்கொண்டே அதைச் சொன்னார்.

"இனிமே எங்களோடதைத் தின்னாதே. உனக்குன்னு தனியா ஒண்ணு செஞ்சுக்கோ."

"ஆமாம்மா, செஞ்சுக்கோ," என்றாள் மகள். "செஞ்சுக்கோம்மா," என்றான் மகன். மாமியாரும் தலையாட்டினார். நாலு வாயிலும் செஞ்சுக்கோ, செஞ்சுக்கோ. 'செஞ்சு தரேன்' என்று ஒரு வாய் சொல்லவில்லை. பாசமாகத்தான் சொன்னார்கள், அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். கெட்டவர்களாக இருந்தால் நாலு கேள்வி கேட்டுவிட்டுப் போயிருப்பேன்.

ஃப்ரிட்ஜ் கூலிங் ஆகவில்லை என்று போன வாரம் காலையில் கூப்பிட்டார்கள். போனேன். அக்கா விரல்களில் கட்டோடு நின்று சமைத்துக்கொண்டிருந்தாள். நாலு அடுப்பு போதாமல் ஒரு கரண்ட் அடுப்பு வாங்கி ஓரமாக வைத்திருந்தார்கள். அதன்மேல் ஐந்தாவது பாத்திரம். அவளுக்காம். அரிசி, பருப்பு, காய், உப்பு, எண்ணெய் எல்லாம் போட்டு, வீட்டில் மனிதர் தின்கிற மாதிரி இருந்த ஒரே சாப்பாடு அது. வாசனை வாசல்வரை வந்தது.

முதலில் வந்தவர் அத்தான். "ஒரே ஒரு வாய்," என்று கரண்டியால் அள்ளினார். பால் சேர்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு மகள் ஒரு கிண்ணம் எடுத்தாள். இன்றைக்கு விதிவிலக்கு என்று மகன் தட்டை நீட்டினான். "நாக்கு செத்துப் போச்சு, துளி வை," என்று மாமியார் உள்ளிருந்து குரல் கொடுத்தார். நான் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். பாத்திரம் காலி. அக்கா அதைத் தொட்டியில் போட்டுவிட்டு, மகன் நேற்று ராத்திரி ஒதுக்கிய மஞ்சள் கருவை எடுத்தாள்.

"வெக்கமா இல்ல உங்களுக்கு?" என்று கத்தினேன். ஸ்பேனரைத் தரையில் எறிந்தேன். "அவ கை வெந்து கிடக்கு. அவ சோத்தையும் பிடுங்கித் தின்னுட்டு நிக்கிறீங்க!"

"ஒரு வாய்க்கு இவ்வளவு பேச்சா?" என்றார் அத்தான். மாவு ஒருவேளை ரத்தத்துக்கு நல்லதோ என்று மகள் ஆரம்பித்தாள். உடனே மகன் மறுத்தான். மறுபடியும் சட்டசபை.

"போதும், கத்தாதீங்க," என்றாள் அக்கா. என்னையும் சேர்த்துத்தான் சொன்னாள். மஞ்சள் கருவைக் குப்பையில் கொட்டினாள். நாலு அடுப்பையும் ஒவ்வொன்றாக அணைத்தாள். ஐந்தாவது பாத்திரத்தைக் கழுவி, மறுபடி அரிசி களைந்து போட்டாள். அது வேகும்வரை அங்கேயே நின்றாள். வெந்ததும் பாத்திரத்தோடு தூக்கிக்கொண்டு போய் மேசையில் அத்தான் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். அத்தான் தட்டோடு பக்கத்தில் வந்தார். அவள் பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

மகனுக்கு ஜிம்முக்கு நேரமாகிவிட்டது. ஃப்ரிட்ஜைத் திறந்து ஒரு முட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு அம்மாவிடம் வந்தான். முட்டையில் என்னென்ன சத்து எத்தனை கிராம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கிறவன்.

"அம்மா, இதை எப்படி வேக வைக்கிறது? தண்ணி கொதிச்ச பிறகு போடணுமா, முன்னாடியே போடணுமா?"

அக்கா வாயில் சோறு இருந்தது. அவனை நிற்க வைத்துவிட்டு, அவசரமே இல்லாமல் மென்று முழுங்கினாள். பிறகு அடுத்த வாய் எடுத்தாள்.