மீன் வறுக்காத சனிக்கிழமை

முனைவர் பட்டம் வாங்கிய வருடம் லிங்கராஜபுரத்தில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். கணவருக்கு ஹெப்பகோடி பக்கம் மருந்து கம்பெனியில் வேலை. நான் ஈஸ்ட் செல்கள் பிரிவதைப் பற்றி ஆராய்ந்தவள். பட்டத்துக்குப் பிறகு செய்யும் போஸ்ட்டாக் ஆராய்ச்சி வேலை கேட்டு நாடு நாடாக எழுதிக்கொண்டிருந்தேன். பெரும்பாலும் பதிலே வராது. வந்தால் நிதியில்லை என்று ஒரு வரி.

ஜப்பானில் ஒரு பேராசிரியர் மட்டும் போனில் பேசலாம் என்றார். எங்களிடம் போன் இல்லை. கீழே குடியிருந்த வீட்டுக்கார ஆன்ட்டியின் நம்பரைக் கொடுத்தேன். அதற்குள் எனக்கு மசக்கை. எந்த வாசனையும் ஆகவில்லை.

பேசுவதாகச் சொன்ன சனிக்கிழமை காலை கணவரோடு கீழே போனேன். அங்கிள் சமையலறையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மீன் வறுக்கலையா?"

"அந்தப் பொண்ணுக்கு ஆகாதுங்க. சொல்ப நேரம் ரேடியோவையும் நிறுத்துங்க" என்றார் ஆன்ட்டி, கன்னடம் கலந்த தமிழில்.

போன் வந்தது. பேராசிரியர் நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக ஆங்கிலம் பேசினார். எனக்கும் அது வசதியாக இருந்தது. சரியாக வராமல் போன ஒரு பரிசோதனையைப் பற்றி அவர் கேட்டபோது குமட்டிக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டேன். ஆன்ட்டி ஓடிவந்து, நறுக்கிய எலுமிச்சம்பழத்தை என் மூக்கருகே பிடித்து முதுகைத் தடவினார்.

"உடம்பு சரியில்லையா?" என்றார் பேராசிரியர்.

வேலை கிடைத்தபிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் நானும் கணவரும் பேசி வைத்திருந்தோம். ஆனால் அந்த நேரத்தில் பொய் வாயில் வரவில்லை. கர்ப்பமாக இருக்கிறேன் என்றேன். வாசற்படியில் உட்கார்ந்திருந்த கணவர் திரும்பிப் பார்த்தார்.

 

"என் மனைவியும் ஆய்வகத்தில்தான் இருந்தாள். குழந்தை பிறந்ததும் போனவள் திரும்பி வரவேயில்லை" என்றார் பேராசிரியர். தொடர்ந்து, "குழந்தை உட்காரத் தொடங்கியதும் வருகிறீர்களா? அதுவரை நிதியை வைத்திருக்க முடியுமா என்று கேட்டுப் பார்க்கிறேன்" என்றார். பிறகு, ஒன்றுமே நடக்காததுபோல, விட்ட இடத்திலிருந்து பரிசோதனையைப் பற்றிக் கேட்டார்.

போனை வைத்ததும் அழுகை வந்துவிட்டது.

"கெடைக்கலையாம்மா?"

"கெடைக்கும் போலிருக்கு ஆன்ட்டி."

"அப்புறம் எதுக்கு அழுவுற?"

மாடிக்கு வந்ததும் கணவரிடம் கேட்டேன். "கைக்குழந்தைய வச்சிக்கிட்டு லேபுக்கு எப்படிங்க போறது?"

"நானும் வரேன். நீ லேபுக்குப் போ, பாப்பாவ நான் பாத்துக்கறேன்."

"உங்க வேலை?"

"திரும்பி வந்து வேற தேடிக்கலாம். மாத்திர செய்யாத ஊரு எது?" என்று சிரித்தார். ஆனாலும் அன்று இரவு தன் கம்பெனி அடையாள அட்டையை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நிதி கிடைத்தது. மகள் தலையணையில் சாய்ந்து உட்காரத் தொடங்கியிருந்தபோது விமானம் ஏறினோம். தினமும் மதியம் கணவர் அவளை மார்போடு கட்டிக்கொண்டு, நான் பால் கொடுக்க ஆய்வகத்து வாசலுக்குக் கொண்டுவருவார். போகிற வருகிற ஜப்பானியப் பெண்கள் குனிந்து அவளைக் கொஞ்சி ஏதேதோ கேட்பார்கள். ஒரு சொல்லும் புரியாமல் இவர், "தூங்கி எழுந்துட்டாங்க, இப்பத்தான்" என்று தமிழிலேயே பதில் சொல்லிக்கொண்டு நிற்பார்.