படிக்கட்டில் வாசித்த ஒன்பது தேதிகள்

"மாமி, ஆத்துல உறை மோர் கீதா?"

ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்துடன் எங்கள் வாசலில் நின்று அவள் கேட்ட இந்தக் கேள்விதான் அவளைப் பற்றிய என் முதல் நினைவு. எங்கள் இருவருக்கும் அப்போது பதினொரு வயது. தியாகராய நகரில் நாங்கள் கீழ் வீட்டில் இருந்தோம். அவர்கள் மாடிக்குக் குடிவந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. குஜராத்திலிருந்து வந்த ஜைனக் குடும்பம். அவள் அப்பா பாண்டி பஜாரில் ரவிக்கைத் துணிக்கடை வைத்திருந்தார். அந்த மூன்று மாதத்தில் அவள் கற்ற தமிழில் பாதி, தெருமுனையில் பூ விற்ற அம்மாளிடமிருந்து வந்தது. மறுபாதி, எங்கள் சமையலறைக்கு நேர் மேலே இருந்த ஜன்னலில் நின்று என் அம்மா பேசுவதைக் கேட்டுக் கேட்டு வந்தது. இரண்டையும் கலக்கக் கூடாது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அம்மா சிரித்த சிரிப்பில் மோர் பாதி தரையில் சிந்தியது. மீதியைக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்துவிட்டு, "நாளைக்கும் வாடி கொழந்தே" என்றாள்.

அவள் மறுநாளும் வந்தாள், அதற்கு மறுநாளும் வந்தாள். பள்ளிக்கூடம் இருவருக்கும் வேறு வேறு. அதனால் எங்கள் நட்பு முழுவதும் அந்தப் படிக்கட்டில்தான் நடந்தது. மொத்தம் பதினெட்டுப் படிகள், ஏழாவதில் ஒரு விரிசல்.

அவர்கள் வீட்டு ஒழுங்கு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. குழாய்த் தண்ணீரை வெள்ளைத் துணியில் வடிகட்டி, காய்ச்சித்தான் குடிப்பார்கள். சூரியன் மறைந்த பிறகு ஒரு வாய்கூடச் சாப்பிட மாட்டார்கள். எங்கள் வீட்டில் தினமும் தாள் கிழிக்கும் காலண்டரில் அஸ்தமன நேரம் போட்டிருக்கும். அதைப் பார்த்து, அரை மணி நேரம் முன்னதாகக் கீழ்ப்படியில் நின்று, "ஆன்ட்டி, இன்னும் முப்பது நிமிஷம்" என்று குரல் கொடுக்கும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். அவர்கள் கூடத்திலேயே பெரிய கடிகாரம் மாட்டியிருந்தது என்பது வேறு விஷயம். அவள் அம்மா ஒருநாள்கூட அதைச் சொல்லவில்லை. "அச்சா, அச்சா" என்று மேலிருந்து பதில் வரும். சில நாள் வெல்லம் போட்ட பருப்பும் மெல்லிய ரொட்டியும் எனக்கும் கிடைக்கும்.

அப்பா அலுவலகத்திலிருந்து கொண்டுவந்த டைரியில் அந்த வயதிலேயே நான் தினமும் எழுதுவேன். மழை பெய்ததா, பள்ளியில் என்ன பாடம், வீட்டில் என்ன சமையல், யார் சாப்பிட்டார்கள். இன்றும் ஏறக்குறைய அதைத்தான் எழுதுகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா உருளைக்கிழங்கு ரோஸ்ட் செய்திருந்தாள். என் தோழி இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். கையைக் கழுவிக்கொண்டே என் காதருகில் வந்து, "மண்ணுக்கு அடியில வெளையறது எதையும் நாங்க துன்னக் கூடாது" என்றாள்.

"அப்போ இப்ப சாப்பிட்டது?"

"அது தட்டுக்கு மேலதானே இருந்திச்சி?"

அம்மாவுக்கு இந்த விதி தெரியாது. தெரியாமல் இருப்பதே எல்லோருக்கும் நல்லது என்று நாங்கள் இருவரும் முடிவு செய்தோம். மாடியில் கேட்டால் வெண்டைக்காய் என்று சொல்லிவிடுவாள். டைரியில் மட்டும் உள்ளதை உள்ளபடி எழுதி வைத்தேன். டைரியில் பொய் எழுத எனக்கு மனம் வராது.

அந்த வருடம் பிள்ளையார் சதுர்த்திக்கு மறுநாள் காலை, புதுப் பாவாடை சட்டையில் அவள் படியிறங்கி வந்தாள். அவர்களுடைய எட்டு நாள் விரதம் முந்தின நாள்தான் முடிந்திருந்தது. என் முன்னால் நின்று, கைகூப்பி, "மிச்சாமி துக்கடம்" என்றாள். விரதம் முடிந்ததும் தெரிந்தவர்கள் எல்லோரிடமும் போய் மன்னிப்புக் கேட்பது அவர்கள் வழக்கம். தெரிந்தும் தெரியாமலும் செய்த எல்லாவற்றுக்கும் அந்த இரண்டே வார்த்தைகள். அவள் விளக்கிச் சொல்லி முடித்ததும் நான் கேட்டேன்:

"சரி, எதுக்கு?"

"எதுக்குன்னா? எல்லாத்துக்கும்தான்."

"தெரியாம செஞ்சதை விடு. தெரிஞ்சு செஞ்சது என்னென்ன?"

"அதெல்லாம் சொல்ல வேணாம்டி. கையக் கூப்பி கேட்டா போதும்."

"என்னன்னே தெரியாம எப்படி மன்னிக்கிறது?"

அவள் ஏழாம் படியில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினாள். என் ரப்பரை உடைத்தது அவள்தான். என் டைரியை ஒருநாள் எடுத்துப் படித்தாள். போர் அடித்தது, இரண்டு பக்கத்தில் மூடிவிட்டாள். "அப்பால, உங்க ஆத்துல உருளைக்கிழங்கு துன்னுட்டு அம்மாகிட்ட வெண்டைக்கான்னு சொன்னேன். உன்னியும் அப்டியே சொல்ல வெச்சேன். ஏழு தபா."

"ஏழு இல்லை. ஒன்பது."

"ஏழுடி."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒரு எண்ணைத் தப்பாக விட்டுவிட்டு என்னால் நிற்க முடியாது. உள்ளே ஓடி டைரியை எடுத்துவந்து, படிக்கட்டில் நின்று, தேதி, கிழமை, எத்தனை முறை பரிமாறினார்கள் என்பது வரை உரக்க வாசித்தேன். ஒன்பதாவது தேதியை வாசித்துவிட்டு வெற்றியோடு நிமிர்ந்தபோது, மேல்படியில் இனிப்புத் தட்டுடன் அவள் அம்மா நின்றிருந்தார். அவருக்குப் பின்னால், மன்னிப்புக் கேட்க வந்திருந்த உறவுக்காரப் பெண்கள் இருவர்.

அவர் சத்தம் போடவில்லை. மகளை ஒரு பார்வை பார்த்தார். அவள் எழுந்து மேலே போனாள். அன்று மத்தியானம் அவர் இறங்கி வந்து என் அம்மாவிடம் தணிந்த குரலில் இரண்டு நிமிடம் பேசினார். பிள்ளை இனிமேல் கீழே வரமாட்டாள் என்பது அதன் சாரம்.

"ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லப்படாதாடி?" என்றாள் அம்மா. "அவா ஆத்துப் பழக்கம் நேக்கெப்படித் தெரியும்? இதுல கணக்கு வேற வாசிச்சிருக்கே, பெரிய கணக்குப்பிள்ளை."

அடுத்த மூன்று நாள் சாயங்காலம் காலண்டரைப் பார்த்துவிட்டுக் கீழ்ப்படி வரை போனேன். கூப்பிடாமலே திரும்பி வந்தேன். மாடியிலிருந்து பாத்திரச் சத்தம் சரியான நேரத்துக்கே கேட்டது. நான் சொல்லாமலே அவர்கள் வேளையோடு சாப்பிட்டார்கள் என்பது எனக்கு இன்னொரு துக்கம். மன்னிப்புக் கேட்கும் நாள் இனி அடுத்த வருடம்தான் வரும். அதுவரை எத்தனை நாள் என்று டைரியின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். போட்டிருக்கக் கூடாது.

நான்காம் நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், பையைக்கூட இறக்காமல் மாடிக்குப் போனேன். அவள் அம்மா குழாயடியில் துணியைக் கட்டித் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். கைகூப்பி அந்த இரண்டு வார்த்தைகளையும் சொன்னேன்.

"அந்த நாள் முடிஞ்சிருச்சே" என்றார்.

"தெரியும் ஆன்ட்டி. நாலு நாள் லேட். அதுக்கும் சேர்த்துத்தான்."

அவர் குழாயை மூடினார். கூடத்துத் திரைக்கு அடியில் இரண்டு பாதங்கள் தெரிந்தன. "வேற எதுக்கு?" என்று கேட்டார். நான் அவர் மகளைக் கேட்ட அதே கேள்வி. என் பையில் இருந்த டைரியில் பதினொரு காரணங்களை வரிசையாக எழுதி வைத்திருந்தேன். எடுக்கக் கை வரவில்லை.

"எண்ணினதுக்கு" என்றேன்.

அவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அழுகிறாரோ என்று பயந்தேன். தோள்கள் குலுங்கிய விதத்தில் சிரிப்பு என்று தெரிந்தது. பிறகு ஈரக் கைகளைச் சேர்த்துக் கூப்பி, பதினொரு வயதுப் பெண்ணான எனக்கு அதே இரண்டு வார்த்தைகளைத் திருப்பிச் சொன்னார். அதற்குப் பதில் 'சரி, மன்னித்தேன்' என்பது அல்ல, கேட்டவரிடம் நாமும் கேட்பதுதான் என்று அப்போதுதான் தெரிந்தது. திரைக்குப் பின்னால் இருந்தவள் என்னைத் தள்ளிக்கொண்டு படியிறங்கி ஓடினாள். "மாமி, நான் வந்துட்டேன்" என்று அவள் கத்தியது தெருமுனைப் பூக்கடை வரை கேட்டிருக்கும்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவளுக்கு வாழைக்காய் ரோஸ்ட். "இது உருளையவிட நன்னா கீது மாமி" என்று அவள் சொன்னதை அம்மா சாகும்வரை வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நாற்பது வருடமாகிவிட்டது. நான் மயிலாப்பூரில், அவள் அடையாறில். வருடாவருடம் அந்த நாளில் போன் செய்வாள். "எதுக்கு?" என்பேன். ஒரு பட்டியல் வாசிப்பாள், பாதி கட்டுக்கதை. இந்த வருடம் நேரிலேயே போனேன். அவள் அம்மாவுக்கு எண்பது நடக்கிறது. பால்கனியை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், என்னைப் பார்த்ததும் கைகூப்பி அந்த வார்த்தைகளைச் சொன்னார்.

"எதுக்கு ஆன்ட்டி?" என்று விளையாட்டாகத்தான் கேட்டேன்.

அவர் விளையாடவில்லை. "அந்த நாலு நாளுக்கு" என்றார். இப்போது அவர் தமிழும் மகளுடையதைப் போலவே கலவை. "வெண்டைக்கா துன்ன வாயில உருளை வாசனை அடிக்குமா? எனக்கு மொத நாளே தெரியும். புது ஊரு, பாஷை தெரியாது, இவளுக்கு உன்னத் தவிர யார் கீறாங்க? சரி, துன்னுட்டுப் போவுதுன்னு கண்டுக்கல. நீ என்னடான்னா சொந்தக்காரங்க முன்னாடி தேதி போட்டு வாசிக்கிற. நான் இன்னா பண்றது, சொல்லு. ஆனா நாலு நாள் ரெண்டு பேரையும் பிரிச்சி வெச்சேன். அது தப்பு."

நான் அவர் காலடியில் உட்கார்ந்து, கைகூப்பி, அதே வார்த்தைகளைத் திருப்பிச் சொன்னேன். நல்ல வேளையாக, எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

சமையலறை வாசலில், ரொட்டிக் கட்டை கையில் இருக்க, என் தோழி நின்றுகொண்டிருந்தாள். "மொத நாளே தெரியுமா? பொய் சொல்லிட்டனேன்னு அந்த நாலு நாளும் அழுதேனே நானு." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீயும் ஒண்ணு எழுதிக்கோ. ஒன்பது இல்லடி, பதினொண்ணு. ரெண்டு தபா நீ ஸ்கூல்லேந்து வர்றதுக்குள்ள மாமி எனக்கு மட்டும் போட்டுக் குடுத்தாங்க."

என் டைரியில் இல்லாத இரண்டு மத்தியானங்கள். அவை எந்தத் தேதிகளாக இருக்கும் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கையில், நாற்காலியிலிருந்து குரல் வந்தது.

"அதுவும் தெரியும்."