ஸ்டார்ட்டர் மோட்டார் கழற்றிய சனிக்கிழமை

"சனிக்கிழமை, காலை 10.40. ஸ்டார்ட்டர் மோட்டார் கழற்றியாயிற்று. இரண்டு தட்டு தட்டினேன். மகள் மோட்டாரை இறக்கவில்லை."

அப்பாவின் நாட்குறிப்பில் கோணலான கையெழுத்தில் உள்ள இந்தக் குறிப்பு, மறுநாள் மருத்துவமனைக் கட்டிலில் எழுதப்பட்டது.

அப்பா முக்கூடலில் ஒரு பள்ளி ஆசிரியரின் நான்காவது பிள்ளையாகப் பிறந்தார்கள். எட்டு வயதில் தகப்பனாரை இழந்தார்கள். பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படித்து, அரசு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, ஒரு கோப்பைக்கூடத் தொலைக்காமல் ஓய்வு பெற்றார்கள். நடுவயதில் வந்த காய்ச்சலில் காது மந்தமாகிவிட்டது. அதற்காக யாரிடமும் குறைபட்டுக்கொண்டதில்லை.

ஓய்வு பெற்ற ஆண்டில், பேட்டையில் ஒரு பட்டறை மூலையில் கோழிகள் அடைந்துகிடந்த பழைய கறுப்புக் காரை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். எந்த போல்ட்டை எந்த நாளில் கழற்றினார்கள் என்பதெல்லாம் நாட்குறிப்பில் இருக்கிறது.

அந்த வாரம் சாவியைத் திருகினால் 'டிக்' என்ற சத்தம் மட்டும் வந்தது. மோட்டாரைக் கழற்றிக் கொண்டுவரும்படி பட்டறைக்காரர் சொன்னார். தாமே கழற்றுவதாக அப்பா சொல்லிவிட்டார்கள். பேட்டரி இணைப்பை எடுத்து, பின்சக்கரங்களுக்குக் கல் வைத்து, முன்பக்கத்தை மரக்கட்டைகளின் மேல் ஏற்றினோம். மோட்டாரைப் பிடித்திருப்பவை இரண்டு போல்ட்டுகள். மேல் போல்ட்டை அப்பா நின்றபடியே கழற்றினார்கள். கீழ் போல்ட்டுக்குக் காருக்கு அடியில் படுக்க வேண்டும். அது கழன்றதும் மோட்டார் நேராக நெஞ்சில் விழும். அதனால் பழைய வேட்டித் துண்டை மோட்டாருக்கு அடியில் கொடுத்து, இரு முனைகளையும் மேலிருந்து நான் பிடித்துக்கொள்வதென்று ஏற்பாடு.

காதுக்கருவியில் கிரீஸ் படக் கூடாது என்று அதைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தார்கள். "மாட்டிருக்கும்போது மட்டும் நாம சொல்லுதது கேக்குதாக்கும்" என்று அம்மா சொல்லிவிட்டுச் சந்தைக்குப் போனார்கள். பேச்சு கேட்காது என்பதால், ஸ்பானரால் அடிச்சட்டத்தில் ஒரு முறை தட்டினால் நான் பிடித்திருக்க வேண்டும்; இரண்டு முறை தட்டினால் அப்பா இரு கைகளாலும் வாங்கத் தயார் என்று பொருள், நான் மெதுவாக இறக்க வேண்டும் என்று பேசி வைத்துக்கொண்டோம்.

போல்ட் கழன்றது. முழுக் கனமும் என் கைக்கு வந்தது. ஒரு தட்டு கேட்டது. பிறகு எதுவும் கேட்கவில்லை.

காத்திருந்தேன். கூப்பிட்டுப் பயனில்லை என்று தெரிந்தும் கூப்பிட்டேன். காருக்கு வெளியே அப்பாவின் பாதங்கள் தெரிந்தன. என் காலை நீட்டி ஒரு பாதத்தைத் தொட்டேன். அது அசையவில்லை. குனிந்து பார்க்க வேண்டுமானால் ஒரு கையையாவது விட வேண்டும். விட்டால் வேட்டி நழுவி, மோட்டார் அப்பாவின் மேலேயே விழும். எதிர்க் கடை அண்ணாச்சியைக் கூவி அழைத்தேன்.

அவர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே நிதானமாக வந்தார். "என்னம்மா, சார்வாள் காருக்கு அடியில உறங்கிட்டாகளா?" என்றவர், என் முகத்தைப் பார்த்ததும் வேட்டி முனைகளை வாங்கிக்கொண்டார்.

நான் அடியில் நுழைந்தேன். அப்பாவின் கண்கள் திறந்திருந்தன. முகமெல்லாம் வியர்வை. ஸ்பானர் நெஞ்சின் மேல் கிடந்தது; கைகள் இரண்டும் துவண்டு பக்கவாட்டில் கிடந்தன. உதடு அசைந்தது: "யம்மா, விட்டுராத." அண்ணாச்சி பிடித்திருப்பதைச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. என் வெறுங்கைகள் இரண்டையும் கண்ட அப்பா, மோட்டாரை நான் விட்டுவிட்டேன் என்றே நினைத்துக் கண்களை இறுக மூடிக்கொண்டார்கள். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. படுத்திருந்த சாக்கோடு சேர்த்து வெளியே இழுத்தேன்.

மாரடைப்பு என்றார் மருத்துவர். அதன் பிறகு அப்பா எட்டு மாதங்கள் எங்களோடு இருந்தார்கள். பழுது நீக்கிய மோட்டாரைப் பட்டறைக்காரரே வந்து மாட்டினார். அப்பா நாற்காலியில் அமர்ந்து, அவர் பார்க்காத நேரத்தில் போல்ட்டுகளை எண்ணினார்கள். கடைசியில் ஒரு ஞாயிறு காலை, ஆலயத்துக்குப் புறப்படச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது அமைதியாகக் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திராமல் தம் ஆட்டோவில் அப்பாவை ஏற்றிச்சென்ற தெருமுனைத் தம்பிக்கும், பேட்டைப் பட்டறைக்காரருக்கும், நாங்கள் புறப்பட்ட பிறகும் மோட்டாரைத் தனியாகப் பிடித்துத் தரையில் இறக்கி வைத்த அண்ணாச்சிக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

ஒன்றை மட்டும் இங்கே பதிந்து வைக்கிறேன். இரண்டாவது தட்டு எனக்குக் கேட்டிருந்தால், வாங்கக் கைகள் இல்லாத நெஞ்சின் மேல் நான் மோட்டாரை இறக்கியிருப்பேன். "என் காதுல விழுந்தது ஒண்ணுதாம்மா" என்கிறார் அண்ணாச்சி. அப்பாவிடம் ஒருமுறை கேட்டேன். சிரித்துக்கொண்டே காதுக்கருவியைக் கழற்றிவிட்டார்கள். அவர்கள் நாட்குறிப்புகள் முழுவதையும் படித்துவிட்டேன். பிழையாக எழுதிய வேறொரு வரியை நான் காணவில்லை. அந்த இரண்டாவது தட்டு உண்மையில் விழுந்ததா என்பது இதுவரை உறுதிசெய்யப்படவில்லை.