பச்சை தொடாத பிரேசில்காரர்

சென்ட் லோரன்டில் ஒரு கிடங்கில் என்னோடு வேலை செய்த பிரேசில்காரருக்குப் பெரிய மீசை, அதைவிடப் பெரிய சிரிப்பு. பச்சை நிறத்தில் எதையும் உடுத்தமாட்டார். பிரேசில் உலகக்கிண்ணம் வென்ற கிழமை, அந்த அணியின் மஞ்சள் சேர்ட் ஒன்றை அவருக்குப் பரிசாகக் கொடுத்தோம். அடுத்தநாள் போட்டுக்கொண்டு வந்தார். அதன் பச்சைக் கொலரை மட்டும் வெட்டி எடுத்திருந்தார்.

அவர் ஊரில் ரயில்வேத் தொழிலாளர் தொடங்கிய சிவப்பு நிற உதைபந்தாட்டக் கழகத்தின் ரசிகர் அவர். அதற்கு எதிரியான, ஆலை முதலாளிமாரின் கழகம் பச்சை.

“பச்சையோட இப்பவும் மோதலோ?” என்று கேட்டேன்.

“இல்லை, அந்தக் கழகத்தை மூடிட்டாங்கள். அப்ப நான் பிறக்கவேயில்லை.”

“பேந்து ஏன் கொலரை வெட்டினனீங்கள்?”

“திரும்பத் திறந்தாலும் திறப்பாங்கள்,” என்றார், சிரிக்காமல்.

அவரைக் கண்டு கனகாலம். இன்றைக்கும் கடையில் பச்சைச் சேர்ட் பிடித்துப்போனால், கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிடுகிறேன்.