செவ்வந்தி புடவை மாற்றிய இடம்

மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து செவ்வந்தி கட்டுப்போடும் காஸ் துணியை வெட்டி, மடித்து, டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தாள். கள்ளக்குறிச்சியில் நான் நர்சாக இருந்த தனியார் ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஸ்ட்ரெச்சர் தள்ளும் வேலை. திருநங்கை என்ற சொல் அப்போது எங்களிடம் இல்லை. இருந்த சொற்களை எழுத விருப்பமில்லை.

வேலையாட்கள் உடை மாற்ற ஆண்களுக்கு ஓர் அறை, பெண்களுக்கு ஓர் அறை. ஆண்கள் அறையில் அவள் புடவையை இழுத்தார்கள். பெண்கள் அறையில் சேர்க்கவில்லை. நான்கு வருஷமாகப் படிக்கு அடியில் போர்வை கட்டி மாற்றிக்கொண்டாள். கம்பவுண்டர் அவளை "மாடிப்படி" என்றே கூப்பிடுவார். அது அவள் இடம் என்று எனக்கும் பழகிவிட்டது.

1987 செப்டம்பரில் இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் மறியல். மரங்களை வெட்டிச் சாலையில் போட்டிருந்தார்கள். வடக்கனந்தலிலிருந்து வரும் ஆயாம்மாக்கள் ஐந்து பேராலும் வரமுடியவில்லை. பெண்கள் வார்டில் ஆறு பேர் படுத்திருந்தார்கள். செவ்வந்தியை உள்ளே அழைத்தேன். துடைத்துவிட்டாள், பெட்பேன் வைத்தாள், தலை வாரினாள். ஆபரேஷனில் பிள்ளை பெற்றிருந்த கரியாலூர் ஆண்டாள், அந்த அக்கா பிடித்தால்தான் எழுந்திருப்பேன் என்றாள். பெண்கள் அறை காலியாகத்தானே இருக்கிறது, அங்கேயே மாற்றிக்கொள் என்று நானே செவ்வந்தியிடம் சொன்னேன். அங்கிருந்த கண்ணாடியில் முதல்முறை பொட்டு வைத்துக்கொண்டாள்.

எட்டாம் நாள் பஸ் ஓடியது. மூத்த ஆயா ராணியம்மாள் அறையைத் திறந்ததும் கொடியில் செவ்வந்தியின் புடவையைப் பார்த்துவிட்டாள்.

"இன்னா சிஸ்டரம்மா, நாங்க ஒரு வாரம் இல்லன்னா எங்க ரூமே போயிடுமா? இது இங்க மாத்திக்கினு இருந்தா நாங்க வேலைக்கு வரல."

டாக்டர் முடிவை என்னிடம் விட்டார். எனக்கு ஐந்து ஆயாக்களும் வேண்டும். வார்டு வேலையைப் பார், புடவை மட்டும் பழையபடி படிக்கு அடியில் மாற்றிக்கொள் என்று செவ்வந்தியிடம் சொன்னேன். நியாயமான ஏற்பாடு என்றுதான் நினைத்தேன்.

"பெட்பேன் எடுக்கறப்ப பொம்பள, துணி மாத்தறப்ப மட்டும் இல்லையா சிஸ்டரம்மா?" என்றாள்.

வேலையைப் பார் என்றேன். புடவையை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை அவள் வரவில்லை. விடியற்காலை மணலூர்பேட்டை பஸ்ஸில் ஏறினாள் என்று வாட்ச்மேன் சொன்னார். அக்கா எங்கே என்று ஆண்டாள் கேட்டாள். லீவு என்றேன். ராணியம்மாள் வெந்நீர் கொண்டுவந்தாள். அவளைப் போகச் சொல்லிவிட்டு, ஆறு பேரையும் நானே துடைத்துவிட்டேன். முடிக்கப் பத்தரை ஆனது.