வண்ணக்கர் விழுந்த விளம்பரம்

போன வாரம் மட்டக்களப்பில் ஒரு டொக்டரின் கிளினிக்கில் என் இலக்கம் கூப்பிடும்வரை உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர் போனில் சமையல் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். இறால் சட்டிக்குள் போகும் நேரத்தில் ஒரு விளம்பரம் குறுக்கிட்டது. கடற்கரையில் ஒரு பெண் கூந்தலை விரித்துக்கொண்டு மெல்லத் திரும்பினாள். முழுதாகத் திரும்புவதற்குள் அவருடைய பெருவிரல் அவளை அனுப்பிவிட்டது. அவர் முகத்தில் எரிச்சல்கூட இல்லை. எனக்குத்தான் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவள் எண்ணெய் விற்க வந்தாளா, காணி விற்க வந்தாளா என்று இனி எனக்குத் தெரியப்போவதில்லை. ஒரு காலத்தில் விளம்பரம் எழுதிச் சோறு தின்றவள் நான். அந்தப் பாசம் போகாதுதானே.

எங்கள் பெரியகல்லாற்று வீட்டில் நாடகம் ஓடும்போது அம்மா குசினியில் இருப்பார். விளம்பரம் வந்தால்தான் ஓடி வருவார், கையில் மீன் ஆணம் சொட்டும் அகப்பையோடு. அந்த விளம்பரங்கள் அனேகமாகச் சிங்களத்தில் எடுத்துத் தமிழில் குரல் கொடுத்தவை. பற்பசை விளம்பரத்தில் ஒருவர் பேசி முடித்து, வாயை மூடிச் சிரித்து, தேத்தண்ணியும் குடிக்கத் தொடங்கிவிடுவார். தமிழ் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். அப்பா அவரை "வயித்தால பேசுறவன்" என்பார். அவர் வரும் நேரம் பார்த்து அப்பா சாய்வுக் கதிரையை முன்னால் இழுத்துப் போட்டதும் உண்டு.

பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவள் என்ற ஒரே தகுதியில் பிற்பாடு எனக்கு வேலை கிடைத்தது. யுத்தம் முடிந்து, ஊரெல்லாம் கேபிள் வயர் தொங்கத் தொடங்கிய காலம். டவுனில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் அன்ரன் அண்ணனின் வீடியோ ஸ்டூடியோ இருந்தது. கீழேயிருந்து பாண் மணம், மேலே சூடான பல்பில் தூசி கருகும் மணம். கல்யாண வீட்டு வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவர், உள்ளூர்க் கேபிள் சனலுக்கு விளம்பரமும் செய்யத் தொடங்கியிருந்தார். வசனமும் குரலும் நான். அந்தக் குரலை இன்று கேட்டால் எனக்கே கூசும். வீட்டில் "என்னகா, எங்க போறா?" என்று பேசுகிறவள், மைக்கைக் கண்டதும் கடல் தாண்டி வந்த சீமாட்டியாக மாறி "மங்கையரின் மனங்கவரும்" என்று ஆரம்பித்துவிடுவேன். வாளி விளம்பரத்துக்கும் மங்கையரின் மனம்தான்.

விளம்பரம் தருகிறவர்களுக்கும் ஒரு கணக்கு இருந்தது. முதலில் வாவியில் சூரியன் உதிக்க வேண்டும். பிறகு முதலாளி கும்பிட வேண்டும். பிறகு அவருடைய பிள்ளைகள் உயர வரிசையில் நின்று கும்பிட வேண்டும். இவ்வளவும் முடிந்தபின் நேரம் மிஞ்சினால் சாமானைக் காட்டலாம்.

பூபாலபிள்ளை வந்தது அப்படித்தான். எங்கள் ஊர்க்காரர், தளபாடக் கடை வைத்திருந்தவர். அதோடு கோயில் நிர்வாகம் பார்க்கிற வண்ணக்கர். அவருடைய சொல் இல்லாமல் கோயிலில் ஒரு திரிகூட மாறாது. அவர் சிரித்ததை நான் கண்டதில்லை. பிரதான வீதியில் பெரிய கம்பனி ஒன்று கண்ணாடி போட்ட ஷோரூம் திறந்து, தவணை முறையில் கட்டிலும் அலுமாரியும் கொடுக்கத் தொடங்கியதில் அவருடைய கடை ஈயாடிப் போயிருந்தது. போதாததற்கு மகளுக்கு மண்டூரில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். கடை படுத்துவிட்டது என்று மாப்பிள்ளை பகுதிக்குத் தெரியக்கூடாது என்பதற்காகத்தான் விளம்பரமே.

தன் கடையில் ஆகத் திறமான செதுக்கு வேலைக் கதிரை ஒன்றைக் கொண்டுவந்து கமராவுக்கு முன்னால் வைத்தார். அதில் இருந்து பேசச் சொன்னால் இருக்கமாட்டாராம். விற்கிற சாமானில் தான் இருந்துவிட்டால் அது பழைய சாமான் என்றார். அதற்குப் பக்கத்தில் வேட்டி சால்வையோடு நின்று, நான் எழுதிய "அமர்ந்தால் அரசன், சாய்ந்தால் சக்கரவர்த்தி" என்பதைத் தேவாரம் போலப் படித்தார். ஒவ்வொரு முறையும் தகப்பனார் பெயரையும் சனிக்கிழமை பின்னேரம் கடை பூட்டு என்பதையும் சேர்த்துக்கொண்டார். களைத்துப்போய்ப் பக்கத்தில் கிடந்த ஸ்டூடியோவின் பழைய பிளாஸ்டிக் கதிரையை இழுத்து அதில் இருந்தார்.

அதன் ஒரு கால் லைட் சூட்டில் எப்போதோ உருகி வளைந்திருந்தது. படீரென்று முறிந்தது. வண்ணக்கர் நிலத்தில். செதுக்கு வேலைக் கதிரை அருகில் கம்பீரமாக நின்றது. அவர் எழும்பவில்லை. சால்வையைச் சரிசெய்தார். முறிந்த காலை எடுத்துப் பார்த்தார். கமராவுக்குப் பக்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டு நின்ற என்னை நிமிர்ந்து பார்த்து, கோயில் கணக்கு வாசிக்கிற குரலில் சொன்னார்:

"பிள்ள, இது எங்கட கடைக் கதிர இல்ல."

அன்ரன் அண்ணன் கமராவை நிறுத்தியிருக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று சத்தியம் செய்தார். உடனே அழிக்கச் சொல்லிவிட்டு வண்ணக்கர் போனார்.

முடிந்த விளம்பரத்தைக் காட்டி ஒப்புதல் வாங்க அவருடைய வீட்டுக்குப் போனோம். மனைவி நேசம்மா, மரண அறிவித்தல் கேட்கிற முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். சூரியன் உதித்தது, அரசன் அமர்ந்தான், எல்லாம் முடிந்தது. டேப் நிற்கவில்லை. அழிக்கச் சொன்னது அப்படியே ஓடியது. இதுவும் மறதி என்றுதான் அன்ரன் அண்ணன் இன்றுவரை சொல்கிறார். நேசம்மா சிரித்த சிரிப்பில் முந்தானை நனைந்துவிட்டது. இன்னொருக்கால் போடச் சொன்னார். பிறகு இதையே சனலில் போடச் சொன்னார்.

வண்ணக்கருக்கு முகம் கறுத்துவிட்டது. "பிள்ளைக்குச் சம்பந்தம் பேசுற நேரத்தில நான் ஊரெல்லாம் விழுந்து கிடக்கட்டா?"

"முதல்ல காட்டினதுல ஒரு சொல்லையும் நான் நம்பல்ல," என்றார் நேசம்மா. "நீங்க விழுந்து சொன்னீங்களே, அத நம்பினன்."

என் அரசனும் சக்கரவர்த்தியும் அந்த இடத்திலேயே செத்தார்கள். கடை நின்ற வளவு நேசம்மாவின் சீதனம். எங்கள் பக்கத்தில் அது சின்ன விஷயம் இல்லை. வண்ணக்கர் சால்வையை உதறிப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

அதன் பிறகு நடந்தது பைத்தியம். பிள்ளைகள் வகுப்பில் வேண்டுமென்றே விழுந்தார்கள். நடுவழியில் நின்ற பஸ்ஸின் கண்டக்டர் இறங்கிச் சில்லைப் பார்த்துவிட்டு, வண்ணக்கர் விழுந்து சொன்ன அந்த வசனத்தைச் சொன்னார். கணிதத்தில் கோட்டை விட்ட ஒருவன் தேர்ச்சி அறிக்கையைத் தகப்பனிடம் நீட்டி அதையே சொன்னானாம். ஒரு அரசியல்வாதி திறந்துவைத்த ரோட்டு முதல் மாரிக்கே கரைந்துபோனது. அடுத்த கூட்டத்தில் அவர், அந்த ரோட்டுக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்று தொடங்க, பின்னாலிருந்து ஒரு கிழவர் எழும்பி வண்ணக்கரின் குரலிலேயே அந்த வசனத்தைச் சொன்னார். கூட்டம் அதோடு சரி. கடையில் சனம் நிறைந்தது. வந்தவர்கள் முதலில் முதலாளியைப் பார்த்தார்கள், பிறகுதான் கட்டிலைப் பார்த்தார்கள்.

ஆனால் கோயிலில் அவருக்கு அடி விழுந்தது. திருவிழா உரிமைச் சண்டை ஒன்றைத் தீர்த்துவைக்க அவர் எழும்பிய நேரம், யாரோ ஒருவரின் கதிரை கிறீச்சென்றது. அவ்வளவுதான். இரண்டு பகுதியும் ஒன்றாகச் சிரித்தன. சண்டை தீர்ந்துபோனது, ஆனால் அவர் தீர்த்து வைக்கவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தவர், விளம்பரத்தை நிற்பாட்டச் சொல்லி அன்ரன் அண்ணனுக்கு ஆள் அனுப்பினார். அந்தக் கிழமைதான் மாப்பிள்ளை பகுதி வருவதாக இருந்தது.

நேசம்மா என்னையும் உதவிக்குக் கூப்பிட்டிருந்ததால் நான் அங்கே நின்றேன். மாப்பிள்ளையின் தகப்பன் மண்டூரில் வயல்காரர், சொல் குறைவான மனிதர் என்று கேள்வி. உள்ளே வந்தவரை இருக்கச் சொன்னார்கள். அவர் இருக்கவில்லை. கதிரையின் முதுகைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். குனிந்து கால்களைப் பார்த்தார். பிறகு வண்ணக்கரைப் பார்த்துக் கேட்டார்.

"இது உங்கட கடைக் கதிரதானே?"

வண்ணக்கரின் தாடை இறுகியது. இதோ போச்சு என்று நான் பலகாரத் தட்டோடு சுவரில் ஒட்டிக்கொண்டேன்.

"ஓம்," என்றார் அவர். "பயப்பிடாம இருங்க."

சொன்னவருடைய உதடு ஒரு பக்கமாக இழுபட்டது. அதுதான் அவருடைய சிரிப்பு என்று பிறகு நேசம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். கல்யாணம் முற்றானது. விளம்பரம் நிற்கவில்லை.

இதோடு விட்டிருக்கலாம். பகிடிக்குக் காசு விழுகிறது என்று கண்டபின் யார் விட்டார்கள்? இரண்டாவது விளம்பரத்துக்கு வண்ணக்கரே கதையோடு வந்தார்: கட்டிலிலிருந்து விழுவது, ஊஞ்சலிலிருந்து விழுவது, கடைசியில் அலுமாரிக்குள்ளிருந்து விழுவது. நான் எதுகை மோனையோடு வசனம் எழுதினேன். விழுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் கமராவைப் பார்த்துக்கொண்டார். ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. நேசம்மா பாதியிலேயே குசினிக்குப் போய்விட்டார்.

அந்தக் கேபிள் சனல் இப்போது இல்லை. ஸ்டூடியோ இருந்த மேல்மாடியில் போன் திருத்துகிறார்கள். டேப்புகள் உப்புக்காற்றில் பூஞ்சணம் பிடித்துப் போயின. கடை மட்டும் இருக்கிறது, மருமகன் நடத்துகிறார். அண்மையில் புத்தக அலுமாரி ஒன்று வாங்கப் போனபோது, புதிதாகச் செய்வித்த விளம்பரத்தை ஆசையோடு போனில் காட்டினார். வண்ணக்கரும் பக்கத்தில் இருந்தார். வயது நன்றாகப் போய்விட்டது, காது கொஞ்சம் மந்தம்.

ட்ரோன் பறந்தது. வாவி வந்தது, கல்லடிப் பாலம் வந்தது, கொக்குகள் வந்தன. எந்த ஊர்க்காரர்கள் என்று தெரியாத ஒரு அழகான குடும்பம் மழையில் மெதுவாக ஓடியது. ஒரு ஆண்குரல் கனவு, உறவு, நிமிடங்கள் என்று ஏதோ முனகியது. கிழவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு போனுக்குக் கிட்டக் குனிந்தார்.

"கதிர எப்ப வரும், மனே?"

"இப்பெல்லாம் ஃபீலிங்தான் மாமா," என்றார் மருமகன்.

அவர் சரி என்று தலையாட்டினார். விளம்பரம் முடிந்தது. நல்லாயிருக்கு என்றேன், உண்மையில் நல்லாய்த்தான் இருந்தது. வாசலுக்கு வருவதற்குள் அதில் என்ன சொன்னார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். திருப்பிச் சொல்ல ஒரு சொல்லும் வாயில் நிற்கவில்லை.