கழுத்து ஊசிக்கு நான் தலை பிடித்த நாட்கள்

எங்கள் வேலைக்குப் படிப்பு வேண்டாம். பிடித்த கை நடுங்காமல் இருந்தால் போதும். மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே ரூம் அட்டெண்டர் நான். எழுபதுகளின் கடைசி; தலைக்கு ஸ்கேன் எடுக்கிற மெசின் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்காத காலம். கழுத்து வழியாகத் தலைக்கு ஏறுகிற ரத்தக்குழாய் எங்கே சுருங்கியிருக்கிறது என்று பார்க்க, கழுத்திலேயே ஊசியைக் குத்தி மருந்தை ஏற்றி, அந்த நொடியில் படம் எடுப்பார்கள். தலை ஆடக் கூடாது. பிடிக்கிறது நான். ஆஸ்பத்திரி பெஞ்சில் யாருக்காகவாவது காத்துக்கிடந்து முதுகு தேய்ந்தவர்கள்தானே நீங்களும்? உங்களிடம் சொல்லலாம்.

கழுத்துக்குள் ஒரு சீறல்

வெள்ளைச்சாமி பேரையூர் பக்கம் பருத்தி போடுகிறவர். ஐம்பது வயசு இருக்கும். உரக்கடையில் நின்றுகொண்டிருந்தவருக்குத் திடீரென்று வலது கை தொங்கிவிட்டது, நாக்கு குழறியது. கால் மணி நேரத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. அவர் அதை மறந்தே போனார்; சம்சாரம் மாயக்காதான் விடாப்பிடியாக பஸ் ஏற்றிக் கூட்டிவந்தது.

டாக்டரம்மா அவர் கழுத்தின் இடது பக்கம் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். பக்கத்தில் நின்ற என்னையும் கேட்கச் சொன்னார். உஸ்... உஸ்... என்று ஒரு சீறல். "உள்ள கொழுப்புப் படிஞ்சு குழாய் சுருங்கிருக்குய்யா. இடது பக்கக் குழாய் கெட்டா வலது கைதான் விழும், பேச்சும் போகும். இப்ப வந்தது எச்சரிக்கை. அடுத்த தடவை வந்தா திரும்பாது" என்றார். வெள்ளைச்சாமி சிரித்துவிட்டார்.

"பம்புசெட்டு ஓஸ் மடங்குனாலும் இப்பிடித்தான் சீறும் டாக்டரம்மா. நிமித்தி விட்டாச் சரியாப் போகும்ல?"

ஊசி

மருந்து ஏறும்போது முகத்தில் தீயை அள்ளிக் கொட்டின மாதிரி இருக்கும், எச்சில்கூட விழுங்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லி வைத்தேன். முதல் குத்து தப்பியது. இரண்டாவதில் ஊசி குழாய்க்குள் இறங்கி ரத்தம் பீறிட்டு வந்தது, மருந்தை ஏற்றினார்கள். மனுசன் அசையவில்லை. கண்ணீர் மட்டும் வழிந்து என் விரல் இடுக்கில் இறங்கியது. படம் கழுவி வந்தது. விரல் கனத்துக்கு ஏறி வந்த குழாய் தாடைக்குக் கீழே ஒரு இடத்தில் நூலாகிக் கிடந்தது.

கழுத்தில் பஞ்சை அமுக்கிப் பிடித்தபடி நான் நிற்க, அவர் மெதுவாகச் சொன்னார்:

"லாடம் கட்ட மாட்டைச் சாய்ச்சா நான்தாண்ணே தலைய அமுக்குவேன். அதுக்கு எம்புட்டு வலிக்கும்னு இன்னைக்குத்தான் தெரியுது."

பெரியவர் வரட்டும்

கழுத்தைத் திறந்து, குழாயைக் கீறி, படிந்ததை வழித்தெடுக்க வேண்டும். ஆபரேசன் மேசையிலேயே கை கால் விழவும் வாய்ப்புண்டு, சும்மா விட்டால் அதைவிட ஆபத்து என்று டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார். புதன்கிழமை ஆபரேசன். கையெழுத்து வேண்டும்.

வெள்ளைச்சாமிக்கு ஒரு அண்ணன், வாடிப்பட்டியில் விவசாயம். தகப்பன் இல்லாத வீட்டில் தம்பியை வளர்த்தவர். அவரைக் கேட்காமல் ஒரு கன்றுக்குட்டிகூட விற்றதில்லை. ஆள் அனுப்பினார்கள். "நெல்லு களத்துல கிடக்கு, வெள்ளிக்கிழமை வாரேன்" என்று பதில் வந்தது. வெள்ளைச்சாமியும் அண்ணன் வரட்டும் என்றுவிட்டார். வார்டு முழுக்க டீ வாங்கிக் கொடுக்கத் தூக்குவாளியோடு டீக்கடைக்குப் போய்வருகிற ஆளைப் பார்த்து யார் பயப்படுவார்கள்?

மாயக்கா என்னைத் தேடி வந்து, "நீங்க சொல்லுங்கண்ணே, இப்பவே கையெழுத்துப் போடச் சொல்லவா, பெரியவர் வரட்டும்னு இருக்கவா?" என்றது. நான் டாக்டரா? வாயை மூடியிருக்கலாம். "வெள்ளிக்கிழமைதானம்மா, ரெண்டு நாள்ல என்ன ஆயிரப் போகுது" என்று சொல்லித் தொலைத்தேன். மாயக்காவுக்கு முகமே தெளிந்துவிட்டது.

"அதாண்ணே. நல்லா நடக்குற மனுசனை அறுங்கன்னு நான் எந்த வாயால சொல்ல?"

வெள்ளிக்கிழமை

வியாழக்கிழமை காலையில் இட்லியைப் பிட்டவர் கையிலிருந்து அது நழுவியது. குனிந்து எடுக்கப் போனவர் வலது பக்கமாகச் சாய்ந்தார். அப்புறம் எழவில்லை; வலது கையும் காலும் விழுந்து, பேச்சும் போயிருந்தது.

மறுநாள் அண்ணன் வந்தார். காலில் களத்துப் புழுதி, கூட ஏழெட்டுப் பேர். வந்ததும் பேனாவைக் கேட்டார். இனி ஆபரேசன் செய்தாலும் போனது திரும்பாது என்று டாக்டரம்மா சொன்னபோது பேனா அவர் கையிலேயே இருந்தது.

வெள்ளைச்சாமிக்கு ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியிருந்தது. தண்ணிக்கும் "அண்ணே", வலிக்கும் "அண்ணே", மாயக்காவைக் கூப்பிடவும் "அண்ணே". பெரியவர் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான்தாண்டா. வந்துட்டேண்டா. வையணும்னா வஞ்சிருடா, இப்பிடிக் கூப்பிடாதடா."

அதற்குப் பிறகு எவர் வந்து என்னிடம் யோசனை கேட்டாலும், டாக்டரம்மா இருக்கிற பக்கம் கையைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன். நான் உருப்படியாகக் கற்றுக்கொண்ட வைத்தியம் அது ஒன்றுதான்.